ஐந்து கோஷ்டியும் ஒரு மனுவும்

1

இலங்கையில் சங்கீதம் என்று ஏதாவது உண்டா என்று முசிரியிலிருந்து என் மைத்துனர் கடிதம் எழுதிக் கேட்டிருக்கிறார். வருஷா வருஷம் திருவையாற்றுக்குப் போய்த் தொடையைத் தட்டிவிட்டு வருகிற திமிர் அந்தக் கடிதத்தில் தெரிகிறது. உண்டு, மைத்துனரே. ஒன்றல்ல, ஐந்து தினுசு உண்டு. ஐந்தையும் ஒரே ராத்திரியில், ஒரே கொட்டகையில், ஒரே நாற்காலியில் உட்கார்ந்து கேட்டவன் நான். அந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை.

நடந்து இரண்டரை வருஷம் ஆகிறது. அந்த ராத்திரிக்கும், பத்து நாளைக்கு முன் எனக்கு வந்த ஒரு சர்க்கார் கடிதத்துக்கும் சம்பந்தம் இருப்பதால் இப்போது எழுதுகிறேன். கடிதத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் என்னைப் பற்றி. லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கணக்கப்பிள்ளை. வந்து இருபத்துநாலு வருஷம். மண்டபம் முகாமில் ஆறு நாள் அடைத்துவைத்து, மருந்து அடித்து, கப்பலேற்றி அனுப்பினார்கள். வந்த அன்றே எனக்கு இந்த ஊர் பிடிக்கவில்லை. குளிர், மழை, அட்டைக்கடி. இந்த மூன்றும் முறை வைத்துக்கொண்டு வரும். லயம் என்று இங்கே ஒரு வஸ்து உண்டு. தொழிலாளிகள் குடியிருக்க வரிசையாகக் கட்டிவிட்ட அறைகள். குதிரைக்குக் கட்டியிருந்தால் குதிரை கோபித்துக்கொண்டு போயிருக்கும்.

விடிகாலை நாலரைக்கு லயங்களுக்கு நடுவே கருப்பையா என்பவன் தப்பு அடிப்பான். நம் ஊரில் சாவுக்கும் கோயில் திருவிழாவுக்கும் அடிக்கிற அதே தோல் வாத்தியந்தான். இங்கே அது தோட்டத்தின் கடிகாரம். அந்த அடியைக் கேட்டதும் சனங்கள் எழுந்து, தலையில் கம்பளியைப் போட்டுக்கொண்டு, கூடையோடு களத்துக்கு வந்து நிற்பார்கள். நான் ஆள் எண்ணி, யார் எந்த மலைக்குக் கொழுந்து பறிக்கப் போவது என்று பிரித்து அனுப்புவேன். இதற்குப் பெரட்டு என்று பெயர்.

பெரட்டு முடிந்ததும், அட்டை கடித்த காலைச் சொறிந்துகொண்டே நான் தினமும் ஒன்று சொல்வதுண்டு. "இன்னும் ஒரு வருஷந்தான். அடுத்த வருஷம் நான் காவேரிக் கரையில இருப்பேன். நீங்க இங்கேயே அட்டைக்குத் தீனி போட்டுக்கிட்டுக் கிடங்க." இருநூறு பேரும் மரியாதையாகக் கேட்டுக்கொள்வார்கள். வருஷங்கள் போனதே தவிர, அந்தப் பேச்சில் ஓர் எழுத்து மாறியதில்லை.

2

சுதந்திரம் வந்த கையோடு இந்த நாட்டுச் சர்க்கார், தோட்டத்துத் தமிழர்கள் தங்கள் பிரஜைகள் இல்லை என்று சட்டம் போட்டது. பிறகு, வேண்டுமானால் மனுப் போட்டுக்கொள்ளலாம் என்று இன்னொரு சட்டம் போட்டது. வீட்டை விட்டு வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, ஜன்னல் வழியாக விலாசம் கேட்பது போன்ற காரியம்.

அந்த மனுவை நீங்கள் பார்க்க வேண்டும். அப்பன் எங்கே பிறந்தான், ஆத்தாள் எங்கே பிறந்தாள், பெண்டாட்டி எந்தத் தேதியில் கப்பல் ஏறினாள், நடுவில் எத்தனை நாள் நாட்டை விட்டு வெளியே இருந்தாய், எதற்காகப் போனாய், எதற்காகத் திரும்பி வந்தாய்? நம் ஊரில் பெண் பார்க்க வருகிறவர்கள்கூட இவ்வளவு துருவ மாட்டார்கள். இத்தனைக்கும் நடுவே ஒரு கேள்வி. இந்த நாட்டில் நிரந்தரமாகத் தங்கும் எண்ணம் உண்டா? உண்டென்று எழுதி, ஒரு சமாதான நீதவான் முன்னால், அதாவது சாட்சிக் கையெழுத்துப் போடச் சர்க்கார் நியமித்த ஒரு பெரிய மனிதர் முன்னால், கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் மனு செல்லாது.

மற்ற எல்லாவற்றையும் நிரப்பிவிட்டேன். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எழுதாமல் இரண்டு மாதம் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். உண்டென்று எழுதினால், இத்தனை வருஷமாகப் பெரட்டில் நான் சொன்னதெல்லாம் பொய்யாகிவிடும். தொழிலாளிகள் முகத்தில் எப்படி விழிப்பது?

என் மனைவி கமலத்துக்கு இந்தக் கவலையெல்லாம் கிடையாது. அவளுக்கு எங்கள் ஒரே மகள் மங்களத்தைப் பற்றித்தான் கவலை. மங்களம் இந்தத் தோட்டத்தில் பிறந்தவள். அப்போது பக்கத்து டவுனான அட்டனில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். படித்து வாத்தியார் வேலைக்குப் போக வேண்டும் என்று ஆசை. பிரஜைக்குத்தான் அந்த வேலை, என் மனு ஏற்கப்பட்டால்தான் அவளும் பிரஜை. அவளுக்கு முசிரி என்றால் ஒரு தபால் முத்திரை, அவ்வளவுதான். கோபம் வந்தால் சிங்களத்தில் முணுமுணுப்பாள். திட்டுகிறாள் என்று எனக்குத் தெரியும், என்ன திட்டு என்று தெரியாது.

ஊரைப் பற்றியும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நடுவில் ஒரு தடவை வந்தேனே, நினைவிருக்கிறதா? எனக்கென்று விட்டிருந்த அறையில் தம்பி வெங்காய மூட்டை அடுக்கியிருந்தான். வெயில் மண்டையைப் பிளந்தது. தினமும் நாலரைக்கு முழிப்பு வந்துவிடும். எழுந்து பார்த்தால் தெருவில் ஒரு நாய்கூட விழித்திருக்காது. எல்லாரும் எழுந்திருக்கிற வரைக்கும் வெங்காய நெடியில் உட்கார்ந்திருப்பேன். தங்குவதாகச் சொல்லிவிட்டு வந்தவன், ஒரு மாதம் நிறைவதற்குள் கப்பலேறிவிட்டேன். லீவு இல்லை என்று உங்களிடம் சொன்னது பொய்.

3

மனுப் போடக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்த வாரத்தில், ஒரு பள்ளிக்கூடக் கட்டட நிதிக்காக அட்டனில் ஒரு சினிமாக் கொட்டகையை வாடகைக்கு எடுத்து வாத்தியக் கச்சேரி வைத்தார்கள். சாயங்காலம் ஆறு மணி தொடங்கி ஐந்து கோஷ்டிகள். கடைசிக் கோஷ்டி எங்கள் தோட்டத்துத் தப்புச் செட்டு. எங்கள் பெரிய துரை என்னைக் கூப்பிட்டு, தப்புக்காரர்களையும் ஆசைப்படுகிற தொழிலாளிகளையும் லொறியில் ஏற்றிக்கொண்டு போ, மறுநாள் பெரட்டுக்கு ஓர் ஆள் குறையக் கூடாது என்று உத்தரவு போட்டார். ஆக, நான் ரசிகனாகப் போகவில்லை. மேய்ப்பவனாகப் போனேன்.

கச்சேரிக்குத் தலைமை வகித்தவர் அட்டன் கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற முதலாளி. அவர் ஒரு சமாதான நீதவான். மறுநாள் கொழும்புக்குப் போகிறார், திரும்ப இரண்டு வாரம் ஆகும் என்று கமலத்துக்கு எப்படியோ தெரிந்திருந்தது. கிளம்பும்போது என் கோட்டுப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"இன்னிக்கு விட்டா நாள் இல்லீங்க. அவர்கிட்டக் கையெழுத்து வாங்காம வீட்டுக்கு வராதீங்க."

மங்களமும் கூட வந்தாள். பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

முதலில் கண்டியிலிருந்து வந்த பறங்கியர் பேண்டு. துரைமார் சீக்கிரம் போய்விடுவார்கள் என்பதால் அவர்களுக்குப் பிடித்தது முதலில். சபையின் அந்தஸ்துப்படி சங்கீதத்துக்கும் அந்தஸ்து. கழுத்தில் கறுப்பு முடிச்சுப் போட்ட ஐந்து பேர். ஒருவர் வளைந்த பித்தளைக் குழாயைக் கன்னம் வெடிக்க ஊதினார். இன்னொருவர் ஒரு பெட்டியை நெஞ்சோடு அணைத்து இழுத்து இழுத்து மூடினார். ஐந்து பேருக்கும் ரயிலைப் பிடிக்கிற அவசரம், ஐந்து பேருக்கும் வேறு வேறு ரயில். முன்வரிசையில் துரைசானிகள் செருப்பு நுனியால் தாளம் போட்டார்கள். முடிந்ததும் கையுறையைக் கழற்றாமலே தட்டினார்கள், சத்தமே வரவில்லை. பத்து நிமிஷத்தில் முன்வரிசை காலி.

முதலாளி தனியாக உட்கார்ந்திருந்தார். போய்க் கேட்டிருக்கலாம். துரைமார் இப்போதுதான் போயிருக்கிறார்கள், மனுஷர் அந்தப் பெருமையைக் கொஞ்சம் அனுபவிக்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

இரண்டாவது, கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்த பைலாக் கோஷ்டி. பைலா என்பது இந்த நாட்டுக் குத்தாட்டப் பாட்டு. போர்த்துக்கீசியர் போகும்போது எடுத்துக்கொண்டு போக மறந்தது. கிட்டார் ஒன்று, ரபான் என்கிற வட்ட மேளம் ஒன்று. மூன்றாவது ஆள் வாசித்தது காலிப் புட்டியும் கரண்டியும். புட்டியைக் காலி செய்ததும் அவர்தான் என்று முகத்தில் எழுதியிருந்தது. ஒரே மெட்டு, பாட்டு மட்டும் பத்து. கொட்டகை முழுக்க எழுந்து ஆடியது. திரும்பிப் பார்த்தேன். மங்களம் ஆடவில்லை, ஆனால் அவள் வாய் அசைந்துகொண்டிருந்தது. பத்துப் பாட்டுக்கும் அவளுக்கு வார்த்தை தெரிந்திருந்தது. நான் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துச் சொல்லிக்கொடுத்த தேவாரத்தில் இரண்டு வரிக்கு மேல் வராது. எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்த ஆத்திரத்தில் முதலாளியிடம் போகவில்லை.

மூன்றாவது, கடைவீதி இளைஞர்களின் ஆர்மோனியக் கோஷ்டி. மதராஸ் சினிமாப் பாட்டு ஆறு மாதம் கழித்துக் கப்பலில் இங்கே வந்து சேரும். இவர்கள் கைக்கு வரும்போது அதில் பாதிதான் மிஞ்சும். பாட வேண்டியவன் நன்றாகப் பாடுவானாம். ஆனால் ஆர்மோனியப் பெட்டிக்குச் சொந்தக்காரன் தானே பாடுவேன் என்று பிடிவாதம். பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வது? பாடவிட்டார்கள். தபலா வாசித்தவன் பகலில் அரிசிக்கடையில் எடை போடுகிறவன். கை அங்கேயும் சுத்தமில்லை, இங்கேயும் சுத்தமில்லை. முதலாளி அவர்கள் ஒவ்வொருவருக்கும் மாலை போட்டார். மாலை போடுகிற மனுஷரிடம் போய்க் காகிதத்தை நீட்டுவதா?

4

நாலாவதாகத் தஞ்சாவூரிலிருந்து வந்த நாதஸ்வர கோஷ்டி. இதோ, இது சங்கீதம் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர்களிடம் எங்கள் பக்கத்து வித்வான் என்று சொல்லிக்கொண்டேன். தஞ்சாவூருக்கும் முசிரிக்கும் எத்தனை மைல் என்று அவர்களுக்கு எங்கே தெரியப் போகிறது?

பதினைந்து நாள் அனுமதிச் சீட்டில் வந்த வித்வான், குளிரில் தலையோடு மப்ளர் சுற்றியிருந்தார். சீவாளி ஈரம் பாய்ந்து கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பேசியது. தோடியை எடுத்து விரித்தார். பின்னால் எங்கள் தொழிலாளிகள் தலை தொங்கித் தூங்க ஆரம்பித்தார்கள். நாலரைக்கு எழுகிற சனம், எட்டரைக்கு மேல் தாங்காது. ஜடங்கள், தோடியில் தூங்குகிறதுகள் என்று மனத்துக்குள் திட்டினேன். கண்ணை மூடி ரசித்தேன். கண்ணை மூடியது வரைக்கும் நினைவிருக்கிறது.

அடுத்து நான் கேட்டது தப்பு.

என்ன நடந்தது என்று பிறகுதான் தெரிந்தது. நாதஸ்வரம் முடிந்து, மேளம் முடிந்து, மாலை மரியாதை முடிந்து, நான் தூங்கிக்கொண்டேயிருந்திருக்கிறேன். கருப்பையாவும் கூட்டாளிகளும் தப்பை நெருப்பில் காய்ச்சிக்கொண்டு மேடைக்கு வந்திருக்கிறார்கள். காமன் கூத்து அடி, சாமி அடி என்று ஒரு மாதமாகப் பழகி வைத்திருந்தார்கள். ஆனால் கருப்பையா இருட்டில் அடித்துப் பழகியவன். மேடை விளக்கு கண்ணில் குத்தியதும் பழகியதெல்லாம் மறந்துபோயிற்று. மறக்காத ஒன்றைக் கை தானாக அடித்தது. தினமும் அடிக்கிற பெரட்டு அடி.

கொட்டகையின் பின்பாதி மொத்தமும் எழுந்தது. பெண்கள் நாற்காலிக்கு அடியில் கூடையைத் தேடினார்கள். ஒருத்தி கம்பளியைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு வாசலுக்கே போய்விட்டாள். இரண்டு ஆண்கள் வரிசையில் போய் நின்றார்கள். கடைவீதிக்காரர்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். அவர்கள் சிரிப்பு பெரிதானது எங்கள் சனத்தைப் பார்த்தல்ல. நட்ட நடுக் கொட்டகையில் ஒருவன் எழுந்து நின்று, கோட்டுப் பையிலிருந்து ஒரு காகிதத்தை உருவி, அதைப் பார்த்துக்கொண்டே உரக்கக் கத்தினான்.

"ஆறாம் நம்பர் மலைக்கு முப்பது பேரு! லேட்டா வந்தவ பின்னால நில்லு!"

அந்த ஒருவன் நான்தான். கையில் இருந்த காகிதம் மனு.

வெட்கத்தில் காது எரிந்தது. வெட்கம் கொஞ்சம் அடங்கியதும் பயம் வந்தது. என் சொந்தச் சங்கீதம் என்று மார்தட்டிய தோடி என்னைத் தூங்கவைத்தது. நான் ஒரு வாத்தியமாகவே மதிக்காத தப்பு என்னை எழுப்பி நிறுத்தியது. வழிப்போக்கன் ஒருவன் இப்படி எழுந்து நிற்பானா? எனக்கு வேறு ஊர் கிடையாது என்பது அன்றைக்கு, அத்தனை பேர் சிரிப்புக்கு நடுவில் எனக்குத் தெரிந்தது. நேராக முன்வரிசைக்குப் போய் முதலாளியிடம் காகிதத்தை நீட்டினேன். அவர் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"எங்க வச்சுக் கையெழுத்துப் போடுறது கணக்கப்பிள்ளை?" என்றார்.

மேஜை இல்லை. கருப்பையா மேடையிலிருந்து ஓடிவந்து, கை தடுமாறிவிட்டது, அரைநாள் பேரை வெட்டிக் கூலியைக் குறைத்துவிடாதீர்கள் என்று என்னிடம் கெஞ்சிக்கொண்டிருந்தான். அவன் கையிலிருந்த தப்பை வாங்கினேன். அதுவரை அதை நான் தொட்டதில்லை. தொடாத காரணம் ஊரில் உங்களுக்கும் தெரியும். தோலில் சூடு ஆறவில்லை. அதன்மேல் மனுவை வைத்து, உண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முதலாளியும் போட்டார். தோல் அமுங்கி எழுந்ததில் இரண்டு கையெழுத்தும் நெளிந்துபோயின.

லொறியில் திரும்பும்போது கருப்பையா தயங்கித் தயங்கிக் கேட்டான், தனக்கும் ஒரு மனு எழுதித் தர முடியுமா என்று. முன்பு மூன்று தடவை கேட்டு, உனக்கெதுக்குடா இதெல்லாம் என்று நான் விரட்டியவன். அந்த வாரமே எழுதிக் கொடுத்தேன்.

பெரட்டில் நான் சொல்கிற அந்தப் பேச்சை மட்டும் நிறுத்தவில்லை. மறுநாள் காலையிலேயே சொன்னேன். முன்னைவிட உரக்கச் சொன்னேன். அவர்கள் எல்லாரும் என்னைக் கொட்டகையில் பார்த்தவர்கள், வேறு என்ன செய்வது?

5

இரண்டு வருஷம் கழித்து விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். கந்தோர் என்று இங்கே ஆபீசுக்குப் பெயர். வாசல் பெஞ்சில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தோம், நானும், எனக்கு அடுத்த நம்பர்க்காரனான கருப்பையாவும். உள்ளே ஓர் அதிகாரி, பக்கத்தில் யாழ்ப்பாணத்து மொழிபெயர்ப்பாளர். அவர் தமிழை எனக்கு இன்னொருவர் மொழிபெயர்த்தால் நன்றாயிருக்கும்.

அதிகாரி எல்லாக் காகிதத்தையும் புரட்டினார். தேதிகள் சரி, சாட்சிகள் சரி. கடைசியில் கையெழுத்தைப் பார்த்தார். இது ஏன் இப்படி நெளிந்திருக்கிறது, யாராவது கையைப் பிடித்து வாங்கினார்களா என்று கேட்டார். நான் உண்மையைச் சொன்னேன். கொட்டகை, தோடி, தப்பு, ஆறாம் நம்பர் மலை, ஒன்றையும் ஒளிக்கவில்லை. நிரந்தரமாகத் தங்கும் எண்ணத்துக்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும் என்று எனக்கே ஒரு பெருமை. அதிகாரியும் சிரித்தார். இதற்குச் சாட்சி உண்டா என்றார். வாசலில் இருக்கிறான் என்றேன்.

கருப்பையா வந்து கும்பிட்டு நின்றான். நடந்தது நிஜம் என்றான். தன் கை தடுமாறியதற்கு அதிகாரியிடமும் ஒரு மன்னிப்புக் கேட்டுக்கொண்டான். அதிகாரி பேனாவை மூடப் போனவர், இன்னும் ஒன்று கேட்டார். இந்தக் கணக்கப்பிள்ளை இந்தியாவுக்குத் திரும்பிப் போவதாக எப்போதாவது சொன்னதுண்டா?

கருப்பையா என்னைப் பெருமையாகப் பார்த்தான். எனக்காக நாலு நல்ல வார்த்தை சொல்லக் கிடைத்த சந்தர்ப்பம் அவனுக்கு.

"தெனமும் சொல்லுவாருங்க தொரை. எங்க ஐயா எங்கள மாதிரி நாதியத்தவரு இல்லீங்க. அவருக்கு ஊருல வீடு இருக்கு, காவேரி இருக்கு. அடுத்த வருசம் போயிடுவேன்னு நேத்துப் பெரட்டுலகூடச் சொன்னாருங்க. எங்களுக்குத்தான் போக்கிடம் இல்ல."

மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல் விடாமல் சொன்னார். அதிகாரி ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டார்.

பத்து நாளைக்கு முன் கடிதம் வந்தது. நிரந்தரமாகத் தங்கும் எண்ணம் நிரூபிக்கப்படாததால் மனு நிராகரிக்கப்படுகிறது. கமலம் அழுதாள். மங்களம் அழவில்லை. கடிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்தாள். அன்றைக்கு முழுவதும் சிங்களத்தில்கூட முணுமுணுக்கவில்லை. அவளுடைய வாத்தியார் வேலையை என் வாயே தின்றுவிட்டது. இதை அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. கடல் தாண்டி இருக்கிற உங்களிடம் எழுதுகிறேன்.

மறுநாள் பெரட்டு முடிந்ததும் கருப்பையா ஒரு காகிதத்தோடு வந்து நின்றான். படித்துச் சொல்லச் சொன்னான். அவன் மனு ஏற்கப்பட்டிருந்தது. நீ இந்த நாட்டுப் பிரஜை என்று சொன்னேன். காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பிறகு, ஐயாவுக்கும் வந்திருக்குமே என்று கேட்டான்.

சுற்றிலும் ஆட்கள் நின்றிருந்தார்கள். நான் காலைச் சொறிந்துகொண்டேன்.

"எனக்கெதுக்குடா அது? நான் அடுத்த வருஷம் ஊருக்குப் போறவன்."

"அதைத்தாங்க ஐயா நானும் அந்தத் தொரைகிட்டச் சொன்னேன்" என்றான் கருப்பையா.